அம்பாசிடருக்குள் மெட்டடார்

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் படித்து, இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு வியாபாரியின் வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த கான்டெஸ்ஸா கார் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டாராம். தறிச் சாமான்களுக்கும் உடைந்த பெட்டிகளுக்கும் நடுவே கிடந்த வண்டி. தூசு தட்டி, நான்கு சக்கரத்துக்கும் காற்றடித்து, தள்ளியே வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். 1980களின் நடுப்பகுதியில் வந்த முதல் வகை. உள்ளே இருப்பது அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின்.

"இதைத் தூக்கிட்டு, ஜப்பான் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன், ஐயா. உங்க மாமா வண்டியில அந்தக் காலத்துல எஞ்சின் மாத்தினாங்கன்னு வகுப்புல ஒருநாள் சொன்னீங்களே. எப்படிச் செஞ்சாங்க?"

வகுப்பில் எதைச் சொல்ல வந்து மாமாவின் கார்வரை போனேன் என்பது நினைவில் இல்லை. அநேகமாக உதயணன் கதையாக இருக்கலாம். வெளியே யானை, உள்ளே படைவீரர்கள் என்று அமைந்த அந்த எந்திர யானையைப் பற்றிச் சொல்லும்போது, வெளியே ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக ஓடிய எங்கள் வீட்டு யானையும் வந்திருக்கக்கூடும். மாணவரின் கேள்விக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலுக்கு அமெரிக்கா வரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

சிறிய காரின் கூட்டுக்குள் பெரிய எஞ்சினைப் புகுத்தியதால் பிறந்த வகையை அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்றார்கள். தமிழில் 'தசைக் கார்' என்று எழுதினால் இறைச்சிக்கடை வண்டி என்று யாரேனும் பொருள்கொள்ளும் அபாயம் உண்டு; ஆகவே அது மஸில் காராகவே இருக்கட்டும். இவ்வகையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் சொல்வது 1964ஆம் ஆண்டு மாதிரியான பான்டியாக் ஜிடிஓவை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும், பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் எஞ்சினை டெம்பெஸ்ட் என்னும் நடுத்தரக் காரில் பொருத்தினார்கள். தனி மாதிரியாக அறிவித்தால் மேலிடம் தடுக்கும். எனவே வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் உபரி அம்சம் என்று கணக்குக் காட்டினார்கள். பட்டறைகளில் இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததைத்தான் ஒரு தொழிற்சாலை, விதியின் சந்து வழியே நுழைந்து செய்தது.

இந்த ஆட்டம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்க, 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை விதித்தன. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. பிரிட்டனில் சிறிய எம்ஜிபி காருக்குள் ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி அவ்வாண்டு ஆகஸ்டில்தான் விற்பனைக்கு விட்டிருந்தார்கள். பாவம், இரண்டே மாதம். மேற்கில் எஞ்சின்கள் சுருங்கத் தொடங்கின.

அதே எண்ணெய் விலை நம் ஊரில் எதிர்த் திசையில் வேலை செய்தது. இங்கே எஞ்சின்கள் பெருத்தன. இது வேகத்தின் பொருட்டு நிகழ்ந்ததல்ல, வயிற்றின் பொருட்டு நிகழ்ந்தது என்பதே வேறுபாடு.

எரிபொருளுக்காக வண்டியின் உயிரை மாற்றுவது தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பேருந்துகளின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை நம் பாட்டனார்கள் தலைமுறை சலிக்காமல் சொல்லியிருக்கிறது. போருக்குப் பின் வந்த மாற்றம் இன்னும் பெரியது. அமெரிக்க, பிரிட்டிஷ் பெட்ரோல் லாரிகள் இங்கே ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் பிறந்த பெர்க்கின்ஸ் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. அந்த பி6 எஞ்சினை 1950களில் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. 1840இல் குதிரை வண்டி கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. குதிரையைக் கழற்றிவிட்டு எஞ்சினைப் பூட்டுவதன் வரலாற்றை அந்த ஒரு நிறுவனத்தை வைத்தே எழுதிவிடலாம்.

லாரியில் நடந்தது காருக்கு வர ஒரு தலைமுறை பிடித்தது. அம்பாசிடரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம்; 1957 முதல் கொல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் தயாரானது; 2014 மே மாதத்தில் நின்றது. மாறவே மாறாத கார் என்று கேலிக்கு ஆளான அதற்கே தொழிற்சாலையில் பலமுறை எஞ்சின் மாறியிருக்கிறது. தொடக்கத்தில் இருந்த பழைய பாணி எஞ்சினுக்குப் பதிலாக 1959இல் 1489 சிசி பிஎம்சி எஞ்சின் வந்தது. 1980 வாக்கில் அதே அளவில் ஒரு டீசல் வந்தது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுதான். 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் வந்தது. கூடு அப்படியே இருக்க, உள்ளே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

தொழிற்சாலை டீசலுக்காக எல்லா டாக்சிக்காரர்களாலும் காத்திருக்க முடியவில்லை. புதிய காரின் விலை எட்டாதது. கையில் இருக்கும் பழைய பெட்ரோல் வண்டியோ வருமானத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. லாரிக்கும் உழவுக்கும் வேண்டியது என்பதால் டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. (பெட்ரோல் விலையின் மீதான அரசுக் கட்டுப்பாடு 2010இலும் டீசல் மீதான கட்டுப்பாடு 2014இலும்தான் நீங்கின.) அந்த விலை இடைவெளியில்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் பிழைத்தன. புணேயின் பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடார் வேன்கள் விபத்தில் நொறுங்கினால், அவற்றின் டீசல் எஞ்சின் மட்டும் பிழைத்து ஏதேனும் ஓர் அம்பாசிடருக்குள் மறுபிறவி எடுக்கும். மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைப்பு என்பதால் அதற்குத் தனி மதிப்பு. பெயர்ப்பலகையில் அம்பாசிடர்; மூடியைத் திறந்தால் ஜெர்மானிய வம்சம்.

என் தாய்மாமா 1987இல் அதைத்தான் செய்தார். பெரிய காஞ்சிபுரத்தில் டாக்சி வைத்திருந்தவர். வண்டி 1971ஆம் ஆண்டுப் பதிவு, மார்க் 2, பெட்ரோல். கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களைக் கடை கடையாக அழைத்துப் போவதும், வைகாசிக் கருட சேவைக்கு வந்தவர்களை ஊர்களுக்குக் கொண்டுபோய் விடுவதும், அவ்வப்போது பாவு மூட்டைகளை ஏற்றுவதுமாக ஓடிய வண்டி. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தந்தால் அன்று மாமா முகத்தில் சிரிப்பிருக்கும். அத்தையின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, சென்னை புதுப்பேட்டைக்குப் போய், மெட்டடார் எஞ்சின் ஒன்றைக் கியர் பாக்ஸோடு வாங்கி வந்தார். வளையல்களை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின என்று அத்தை இன்றும் கணக்குச் சொல்வார்.

வேலை நடந்த பதினெட்டு நாளும் நான் அந்தப் பட்டறையில்தான் இருந்தேன், பள்ளி விடுமுறை. எஞ்சினை உள்ளே இறக்குவதுதான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சங்கிலிக் கப்பியும் நான்கு ஆட்களும் முடித்துவிடுகிற வேலை. சிக்கல் அதன் பிறகுதான். டீசல் எஞ்சின் கனமானது. வண்டியின் மூக்கு தாழ்ந்துவிட்டது. அம்பாசிடரின் முன்பக்கம் சுருள்வில்லில் நிற்பதல்ல, முறுக்கு விசையைத் தாங்கும் நீண்ட இரும்புத் தண்டுகளில் நிற்பது. அவற்றை மறுபடி முறுக்கி ஏற்றினார்கள். பழைய தாங்கிகள் இந்த எஞ்சினுக்குப் பொருந்தவில்லை; வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார்கள். வேனின் கியர் பாக்ஸ் என்பதால் ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர்க் கம்பி போய், தரையில் ஓட்டை போட்டு ஒரு கம்பி முளைத்தது. நடுவில் மூன்றாவது ஆளை உட்கார வைக்க முடியாதே என்று மாமா கவலைப்பட்டார். பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டை வெட்டி லேத்தில் கொடுத்து அளவு மாற்றினார்கள். டீசல் மெதுவாகச் சுழல்வது. பெட்ரோலுக்கென்று அமைந்த கிரௌன் பினியனை வைத்தே ஓட்டினால் எஞ்சின் கதறும், வண்டி நகராது. அதையும் மாற்றினார்கள்.

மாமா பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டிருந்தால் வேறொரு சிக்கல் வந்திருக்கும். ஒரு நிறுவனத்தின் எஞ்சினும் இன்னொரு நிறுவனத்தின் கியர் பாக்ஸும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, ஆணித்துளைகள் ஒத்துவராது. இரண்டுக்கும் நடுவே கனத்த இரும்புத் தட்டு ஒன்றை லேத்தில் கடைந்து, ஒருபக்கம் இதன் துளைகளையும் மறுபக்கம் அதன் துளைகளையும் போட்டு இணைக்க வேண்டும். மயிரிழை மையம் தவறினாலும் கிளட்ச் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துபோகும். எங்கள் ஊரில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. சேலையின் உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், நெசவாளர் முந்தானைக்குரிய பாவு இழைகளை உடலின் பாவு இழைகளோடு ஒவ்வொன்றாகக் கோத்துச் சேர்ப்பார். பிட்னி என்று பெயர். சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் சிறு வரம்பு விரலில் படும். அந்த வரம்பு இருந்தால்தான் அசல் என்று வாங்குபவர்களும் தடவிப் பார்த்தே வாங்குவார்கள்.

வண்டி பதினெட்டாம் நாள் உறுமியது. மாமா அதை ஓட்டிய பிற்காலம் முழுவதும் வேகம் கூடியதே இல்லை; குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எஞ்சின் பெரிது, சத்தம் பெரிது, நடை யானை நடை. ஆனால் எத்தனை பேரை ஏற்றினாலும் மூச்சு வாங்காது. லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று கிலோமீட்டர் தந்தது. என் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கும், மாமா மகளின் கல்யாணத்துக்கும், ஒருவகையில் என் முதுகலைப் படிப்புக்கும் அந்த எஞ்சின்தான் சம்பாதித்தது.

பட்டறைக்காரர்கள் பசிக்காகச் செய்ததைத் தொழிற்சாலைகள் எதற்காகச் செய்தன என்பதுதான் எனக்குச் சுவையான புதிர். மாணவரின் கான்டெஸ்ஸாவையே எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸின் பிரிட்டிஷ் கிளையான வாக்ஸ்ஹால் 1972இல் வெளியிட்ட விக்டர் காரின் வார்ப்புகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கியது. நீண்ட மூக்கு, அகன்ற தோள் என்று அமெரிக்கச் சாயல் நன்கு தெரியும் உடல். இங்கிலாந்தில் அதற்குள் 1.8 லிட்டர் முதல் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் வரை வைத்து விற்றார்கள். இங்கே 1984இல் கான்டெஸ்ஸா என்ற பெயரில் வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் அதே 1489 சிசி எஞ்சின். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பில் பள்ளிச் சிறுவனின் இதயம். சில ஆண்டுகளில் தவற்றை உணர்ந்து இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியரையும் வைத்தபின்தான் அது காராயிற்று. 2002 வாக்கில் உற்பத்தி நின்ற அந்தக் கார் 'இந்தியாவின் மஸில் கார்' என்று இன்று கொண்டாடப்படுவது உடலைப் பார்த்து மட்டுமே.

இதைவிடப் பெரிய சோகம் நம் ஜிஎஸ்டி சாலையில் நடந்தது. வண்டலூர் அருகே 1949 முதல் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரை 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் விருதைப் பெற்ற உடல் அது, 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு 150க்கும் மேற்பட்ட குதிரைத்திறனில் பாய்ந்த கார். (அந்த வி8 எஞ்சினே ஜெனரல் மோட்டார்ஸ் வேண்டாமென்று விட, ரோவர் 1965இல் உரிமை வாங்கியது என்பது கிளைக் கதை.) வண்டலூரில் அந்த வி8ஐ வைக்க வழியில்லை. 1940களின் ஸ்டாண்டர்ட் வான்கார்டு கார் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினைத் தூசு தட்டி வைத்தார்கள். அக்காலத்தின் மிக விலையுயர்ந்த இந்தியக் கார்களில் ஒன்றான அதை வாங்கியவர்கள் மூடியைத் திறந்தபோது என்ன நினைத்திருப்பார்கள்! 1988இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் அதன்பின் எழவில்லை. அதே தொழிற்சாலையின் ஹெரால்டு காரும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஹெரால்டின் உடலில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து விட்டெஸ் என்று விற்றுக்கொண்டிருந்தபோது, நம் ஹெரால்டு 948 சிசியிலேயே முதுமை எய்தியது.

ஆக, ஒரே பத்தாண்டில் இரண்டு தொழிற்சாலைகள் பெரிய உடலில் சிறிய எஞ்சினை வைத்துத் தோற்றன. வளையலை அடகு வைத்தவர்கள் சிறிய உடலில் பெரிய எஞ்சினை வைத்துப் பிழைத்தார்கள். உரிமக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிப் பஞ்சமும் தொழிற்சாலைகளின் கையைக் கட்டியிருந்தன என்பது உண்மை. ஆயினும் மாமாவின் கை அதைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது.

இனிச் சட்டம். மாமா எஞ்சினை மாற்றியபோது நடப்பில் இருந்தது 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். தகவல் தெரிவித்து அனுமதி பெற்றால் மாற்றலாம். ஆர்சி புத்தகத்தில் எரிபொருளையும் எஞ்சின் எண்ணையும் திருத்தித் தருவார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கதவை அடைத்தது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. எரிவாயு, மின்கலம் முதலிய வேறு எரிபொருளுக்கு மாற்ற மட்டும், அதற்கென அமைந்த கருவித் தொகுதியை முறைப்படி பொருத்தலாம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இதில் எனக்குக் குறையில்லை. மாணவர் வைக்க விரும்பும் எஞ்சினின் திறன், அந்த வண்டியின் பிரேக்குகள் கனவிலும் கண்டிராதது. சாலையில் எதிரே வருகிறவனுக்கும் ஓர் உயிர்தான்.

என் குறை 2021இல் வந்த விதியோடுதான். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிந்துகொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல செய்தி. மாமா காலமாகி ஐந்தாண்டு ஆகியிருந்தது. வண்டிக்கும் அவ்வாண்டு சரியாக 50. மாமா மகன் ஆசையோடு ஓர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தான். உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யாமல் மூல வடிவில் பேணப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கிருந்தவர் ஆர்சி புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தாராம். "இது பாதி வேன் ஆச்சே, தம்பி."

செல்வர் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நின்ற கார் தொன்மை. நாற்பத்தைந்து ஆண்டு ஓடி ஒரு குடும்பத்தைக் காத்த கார், ஓடுவதற்காக மாறிய ஒரே காரணத்தால், வெறும் பழையது. இந்த நாட்டின் சாலை வரலாற்றில் எது அசல் என்று என்னைக் கேட்டால் அந்தப் பாதி வேனைத்தான் சொல்வேன். கோயில் தேர்களைப் பாருங்கள். மரச் சக்கரங்களுக்குப் பதில் திருச்சி பெல் நிறுவனம் வார்த்த இரும்புச் சக்கரங்களும், முட்டுக்கட்டை போடுவோரின் உயிரைக் காக்க விசைத் தடைகளும் பல ஊர்த் தேர்களுக்கு வந்துவிட்டன. அச்சு மாறியது, மரம் மாறியது, வடம் ஆண்டுக்காண்டு தேய்ந்து மாறுகிறது. அது வேறு தேர் என்று எவரும் சொல்வதில்லை. அதே தேர், அதே வீதி, அதே பெயர்.

மாமாவின் வண்டி 2022இல் பிரித்து விற்கப்பட்டது. கூடு எடைக்குப் போயிற்று. எஞ்சினை மட்டும் கிணற்று மோட்டாருக்குப் பதிலாக வைக்க யாரோ வாங்கிப் போனார்கள். இன்னும் நீர் இறைத்துக்கொண்டிருக்கலாம்.

மாணவரிடம் சட்டத்தைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்தே இருந்தது. "பிற்பாடு கம்பெனியே வச்ச இசுசு எஞ்சினையாவது வைக்க விடுவாங்களா, ஐயா?" என்றார். உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஸ்பேனரைத் தொடச் சொன்னேன். கிளம்பும்போது மாமாவின் ஆர்சி புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வண்டியோடு மூலத்தைக் கொடுத்துவிட்டார்கள். மாமா மகன் எடுத்துவைத்த ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. 'பெட்ரோல்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து மேலே 'டீசல்' என்று எழுதி, பழைய எஞ்சின் எண்ணுக்குக் கீழே புதிய எண்ணைக் குறித்து, கையெழுத்தும் முத்திரையும் இட்ட பக்கம். நகலில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரிகிறது. அவர் அந்தப் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்.